நெய்யும் கொழுப்பும்

ஆரணியில் நெய் என்ற சொல் தறியில் வினை, அடுப்படியில் பெயர். இரண்டும் ஒன்றல்ல. பரோ - எமனோ அகராதி இவற்றைத் தனித்தனி வேர்களாகவே வைக்கிறது. எனவே இந்தச் சிலேடையின்மேல் நான் எதையும் கட்டப்போவதில்லை. என் அக்கறை பெயர்ச்சொல்லின் சரித்திரத்தில்.

இன்று நெய் என்றால் பால்வழி வந்த நெய் ஒன்றுதான். பழந்தமிழில் அப்படி இல்லை. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. ரத்தத்துக்கு நெய்த்தோர் என்று பெயர். பொருநராற்றுப்படையில் தேன்நெய்யும் கிழங்கும் கொடுத்தவர்கள் பண்டமாற்றாக மீன்நெய்யும் கள்ளும் பெற்றுப் போகிறார்கள். மீன் உடம்பிலிருந்து எடுத்ததற்கும் நெய் என்ற பெயர் தயக்கமின்றிக் கிடைத்திருக்கிறது.

செய்முறையும் இதையே சொல்கிறது. ஆட்டுக் கொழுப்பைத் துண்டு போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைத்தால் கொழுப்பு உருகிப் பிரியும்; தண்ணீர் ஆவியாகும்; பொரிந்த சக்கை அடியில் தங்கும். வெண்ணெயைக் காய்ச்சும்போதும் நடப்பது இதுதான். ஈரம் போனதால்தான் இரண்டும் கெடாமல் இருக்கின்றன. ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும் என்பது மட்டும் சமையல்காரனுக்குத் தெரிந்த வித்தியாசம்.

பின் ஏன் ஒன்று நெய், மற்றது கொழுப்பு? சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவது வழக்கம். நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர்: எண்ணிக்கை குறையக் கூடாது, கணக்கில் ஆடு சாவதே இல்லை. சாகாத ஆட்டின் நெய் சந்நிதியில் எரிந்தது. செத்த ஆட்டினுடையதும் யாரோ ஒருவர் அடுப்பில் உருகிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதற்குக் கல்வெட்டு இல்லை. நாளடைவில் அதற்கு நெய் என்ற பெயரும் இல்லாமல் போயிற்று. கொழுப்பு என்ற பெயர் நின்றது. திமிருக்கும் அதுவே பெயராயிற்று. 'உனக்குக் கொழுப்பு' என்று மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துச் சொல்லுகிறான். 'உனக்கு நெய்' என்று யாரும் யாரையும் ஏசுவதில்லை.

உயிர்க்கொலைதான் காரணம் என்றால் ஆரணி பதில் சொல்ல வேண்டியிருக்கும். புழு உள்ளே இருக்கக் கூட்டை வெந்நீரில் இட்டு எடுத்த நூல்தான் பட்டு, அது மடி. அந்த நூலின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்து போகிறது. சோப்பு என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்தது. மாட்டுக் கொழுப்பு நெடுங்காலம் உலகெங்கும் அதற்கு மூலப்பொருளாக இருந்தது. துணிக்கும் உடம்புக்கும் ஆகும், வாய்க்கு மட்டும் ஆகாது என்பதுதான் ஏற்பாடு.

வாய்க்கு வந்தபோதெல்லாம் கலவரம். 1857-இல் தோட்டா உறையைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. அதில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சு பட்டாளத்தைக் கிளப்பியது. 1983-இல் இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலந்திருக்கிறது என்று நாடெங்கும் கொந்தளிப்பு; அரசு அந்த இறக்குமதிக்கே தடை போட்டது. கலப்படம் மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூச்சலில், அதே கொழுப்பை ஒளிவுமறைவின்றி உருக்கிச் சமைத்துச் சாப்பிடும் மனிதர்களின் இடம் எது என்று கேட்க ஆளில்லை.

மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். ஆரணி இருக்கும் அதே மாவட்டம். அங்கே மலைச்சிற்றூர்க்காரர்கள் வழிவரும் கூத்தருக்கு நெய்யில் வெந்த பருத்த இறைச்சித் துண்டுகளைத் தினைச்சோற்றோடு கொடுக்கிறார்கள். என்ன நெய் என்று பாட்டு சொல்லவில்லை. நாம் யோசிக்காமல் பசுநெய் என்று படித்துக்கொள்கிறோம். அப்படி இருக்கலாம். ஆனால் அந்த யோசிக்காமை பாட்டில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.