சாந்திநிகேதன் தோல் பை

சாந்திநிகேதன் தோல் பை என்பது, தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோலில் கருவியால் சித்திரம் அழுத்தி, தூரிகையால் சாயம் ஏற்றி, ஓரங்களைத் தோல்வாரால் பின்னிச் செய்யப்படும் கைவினைப் பை. மேற்கு வங்காளத்தின் பிர்பூம் மாவட்டத்தில், போல்பூர் நகரை ஒட்டிய சாந்திநிகேதன், ஸ்ரீநிகேதன், சுற்றியுள்ள சிற்றூர்கள் ஆகியவை இதன் தாயகம். தோள்பை, கைப்பை, பணப்பை, கண்ணாடிக் கூடு, புத்தக உறை, இருக்கை மெத்தையின் உறை என இதே முறையில் பல பொருள்கள் உருவாகின்றன. 'சாந்திநிகேதன் தோல் பொருள்கள்' என்ற பெயரில் இக்கைவினை 2007–08ஆம் ஆண்டில் இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவைப் பெற்றது.

இந்தப் பையில் சித்திரமும் நிறமும் தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். கோடு தோலின் நாரை அமுக்கி உண்டாக்கியது. நிறம் அந்த நாரில் ஊறியது. மேலே ஒட்டிய படலம் என்று உரிந்து வர எதுவும் இல்லை. இரண்டுக்கும் இடம் கொடுப்பது பட்டைச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின். இக்கைவினையின் செய்முறை ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு பொருளின் இயல்பைச் சார்ந்தே அமைந்துள்ளது.

தோற்றம்

இரவீந்திரநாத் தாகூர் 1921இல் விசுவபாரதியை நிறுவினார். அடுத்த ஆண்டு, சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுரூல் கிராமத்தில் ஊரக மறுசீரமைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆங்கிலேய வேளாண் அறிஞர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் அதன் தொடக்கப் பொறுப்பை ஏற்றார். ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்ற அம்மையத்தில் வேளாண்மை, உடல்நலம், கல்வி ஆகியவற்றோடு கைத்தொழிலும் கிராம வாழ்வை நிமிர்த்தும் வழியாகக் கருதப்பட்டது. நெசவு, மட்பாண்டம், மரவேலை, அரக்கு வேலை ஆகியவற்றுடன் தோல்வேலையும் அங்கே கற்பிக்கப்பட்டது.

தோல்வேலையை அங்கே கொண்டுவந்தவர்கள் தாகூரின் மகன் ரதீந்திரநாத் தாகூரும் (1888–1961) மருமகள் பிரதிமா தேவியும் (1893–1969). ஐரோப்பியப் பயணத்தின்போது கற்றுக்கொண்ட தோல் சித்திர வேலையை இருவரும் ஊருக்குத் திரும்பிப் பழக்கினர். ரதீந்திரநாத் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்; 1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தர். மரத்திலும் தோலிலும் தம் கையாலேயே நுண்வேலை செய்த கலைஞர் அவர்.

இத்தொடக்கத்திற்குச் சமூகப் பொருள் ஒன்றும் உண்டு. தோலைத் தொடுவதே தீட்டு என்று சாதி ஒழுங்கு விதித்து, தோல்வேலை செய்வோரை ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்த நாட்டில், அதே தோல் கல்விக்கூடத்துக்குள் வந்து பாடமாகியது. பல பின்னணிகளைச் சேர்ந்தவர்கள் ஒரே பலகையில் தோலை விரித்து வேலை பழகினர். சாந்திநிகேதன் பையின் அழகைப் பேசும்போது இந்தத் துணிவையும் சேர்த்தே பேச வேண்டும்.

தோல்

பைக்குப் பெரும்பாலும் வெள்ளாட்டுத் தோலும் செம்மறியாட்டுத் தோலும் பயன்படுகின்றன. வெள்ளாட்டுத் தோலின் மேற்புறம் உறுதியானது. செம்மறித் தோல் மென்மையானது, உள்ளுறைக்கு ஏற்றது. எந்த விலங்கின் தோல் என்பதைவிட அது எப்படிப் பதனிடப்பட்டது என்பதே முக்கியம்.

பட்டைச் சாற்றில் பதனிடும்போது, டானின் தோலின் கொலாஜன் நார்களோடு பிணைந்து நார்களுக்கு இடைப்பட்ட வெளியையும் நிரப்புகிறது. அவ்வாறு பதனிட்ட தோல் நனைந்தால் களிமண்ணைப் போல் வளைந்து கொடுக்கும். அமுக்கிய இடம் அமுங்கியபடியே காயும். குரோமிய உப்பால் பதனிட்ட தோலில் இக்குணம் குறைவு. அதில் நார்கள் குறுக்குப் பிணைப்புகளால் மீள்தன்மை பெற்றிருப்பதால், அமுக்கிய கோடு சற்று நேரத்தில் எழும்பி மறையும். அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ஸ் பெற்ற காப்புரிமைக்குப் பின் குரோம் முறை உலகெங்கும் பரவியது. பதனிடும் காலம் வெகுவாகக் குறைந்ததால் செருப்பு, ஆடைத் தோல்களில் பெரும்பகுதி அம்முறைக்கு மாறியது. சித்திரத் தோல்வேலை மட்டும் பட்டைத் தோலை விடவில்லை.

பட்டைத் தோலுக்குத் தமிழகத்தில் நெடிய மரபு உண்டு. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றால் நிறம் தெளிய வைத்த தோல்கள் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பகுதிகளில் உருவாகி, சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் சந்தைக்குச் சென்றன. 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமாக இ.ஐ. தோல் என்பது அதற்கு வழங்கிய வணிகப் பெயர். பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரிதும் பிடித்துக்கொண்டது. இ.ஐ. தோலும் புவிசார் குறியீடு பெற்ற ஒன்று.

சித்திரம் அழுத்துதல்

வேலை தோலைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. முதுகுப் பகுதி இறுக்கமானது. பையின் மடலுக்கும் முகப்புக்கும் அதையே ஒதுக்குவர். வயிற்றுப் பகுதி இழுபடும் என்பதால் உட்பகுதிக்குப் போகும். நனைத்து அழுத்தும்போது தோல் சற்று விரியும். ஆகவே துண்டுகளை அளவுக்குமேல் கொஞ்சம் பெரிதாக வெட்டி, சித்திரம் முடிந்து காய்ந்த பிறகே சரியளவுக்கு நறுக்குவர்.

பிறகு நனைத்தல். ஈரப் பஞ்சால் துண்டு முழுவதையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும். ஓரிடம் மட்டும் நனைந்தால் நீர் நின்ற எல்லையில் கறை படியும். நனைந்த தோல் முதலில் கருத்து, மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். கையால் தொட்டால் குளிர்ச்சி இருக்கும், ஈரம் ஒட்டாது. சித்திரம் அழுத்த அதுவே பதம். ஈரம் மிகுந்தால் கோடு குழைந்து பரவும். குறைந்தால் கருவி வழுக்கும், தோலின் மேற்புறம் வெடிக்கும்.

பதமான தோலைப் பளிங்குப் பலகை போன்ற கடினமான தளத்தில் விரித்து, படியெடுப்புத் தாளில் வரைந்த உருவை மேலே வைத்து, முனை மழுங்கிய எழுத்தாணி போன்ற கருவியால் கோடுகளைத் தோலில் பதிப்பர். கார்பன் தாள் பயன்படுத்துவதில்லை. அதன் மை தோலில் இறங்கினால் எடுக்க முடியாது. அடுத்து 'மாடலர்' எனப்படும், நுனி கரண்டி போல் வளைந்த கருவியால் ஒவ்வொரு கோட்டையும் மீண்டும் மீண்டும் இழுத்து ஆழப்படுத்துவர். உருவைச் சுற்றிய பின்னணியை அமுக்கினால் இதழும் இலையும் மேலெழும்பி நிற்கும். கூடுதலான புடைப்பு வேண்டுமானால் தோலைத் திருப்பி, சதைப்புறத்திலிருந்து உருண்டை முனைக் கருவியால் தள்ளி, பள்ளத்தைப் பசைக்கலவையால் நிரப்புவர். பின்னணியில் புள்ளி அச்சுகளைக் கொட்டாப்புளியால் தட்டிச் சொரசொரப்பாக்குவதும் உண்டு.

ஒரே உருவை நிறையச் செய்ய வேண்டியிருந்தால் உலோக அச்சை வைத்து அழுத்து எந்திரத்தில் பதிக்கின்றனர். வேகமும் சீரும் அதில் கிடைக்கும். கைக்கோட்டில் உள்ள அழுத்த வேறுபாடு, கோடு தொடங்கி வலுத்துத் தேய்ந்து முடியும் ஓட்டம், அச்சில் வராது.

சாயம் ஏற்றுதல்

சித்திரத்துக்குப் பின்பே சாயம். காரணம் இரண்டு. சாயமிட்ட தோலை மறுபடி நனைத்தால் நிறம் கசியும் என்பது ஒன்று. அழுத்திய கோட்டில் நார்கள் நெருங்கியிருப்பதால், பூசிய சாயம் அங்கே தயங்கி நிற்கும் என்பது மற்றொன்று. வயலில் நீரை வரப்பு நிறுத்துவதுபோல் கோடு நிறத்தை நிறுத்துகிறது. சித்திரமும் சாயமும் இங்கே ஒன்றுக்கொன்று துணை.

தோல் நிழலில் முழுவதும் காய்ந்த பின், கை எண்ணெயும் அழுக்கும் போகத் துடைக்கப்படும். இந்தக் கட்டத்தில் அஞ்ச வேண்டியது இரும்பு. டானினும் இரும்பும் சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்பு உண்டாகும். துருப்பிடித்த கருவியோ இரும்புத்தூள் கலந்த நீரோ பட்டால் அழியாக் கரும்புள்ளி விழும். அதனால் எஃகுக் கருவிகளுக்கு நிக்கல் முலாம் பூசுவர்; கறை விழுந்தால் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தால் நீக்குவர். அதே வேதிவினையை வேண்டுமென்றே நடத்தினால் தோலுக்கு ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தைக் கறுப்பாக்குவதும் இந்த இரும்பு வினைதான்.

நீரிலோ ஸ்பிரிட்டிலோ கரையும் செயற்கைச் சாயங்களே இன்று வழக்கில் உள்ளன. அவற்றில் காரச் சாயங்கள் டானினோடு உடனே பிணைந்து பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் மேற்பரப்பிலேயே நின்று வெயிலில் விரைவில் மங்கும். அமிலச் சாயங்கள் மெல்ல இறங்கிச் சீராகப் பரவி, ஒளியைக் கூடுதலாகத் தாங்கும். பட்டைத் தோல் ஈரமாக இருக்கையில் சுமார் 70–85 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். ஆகவே துணிச் சாயம்போல் கொதிதொட்டியில் முக்க முடியாது. குளிர்ந்த கரைசலைத் தூரிகையாலும் பஞ்சு உருண்டையாலும் பூசுகின்றனர்.

நீர்த்த சாயத்தைப் பல முறை பூசுவது, அடர்ந்த சாயத்தை ஒரே முறை பூசுவதைவிட நல்லது. பஞ்சை வட்டமாகச் சுழற்றினால் திட்டு விழாது. மஞ்சள், இளஞ்சிவப்பு முதலிய வெளிர் நிறங்கள் முதலில், பச்சை, அரக்கு, பழுப்பு பின்பு, கறுப்பு கடைசியில். தோலுக்கென்று ஒரு பழுப்பு இருப்பதால் எந்த நிறமும் அதன் வழியேதான் தெரியும். நீலம் பூசினால் சற்றுப் பச்சை சாயும் என்பதைக் கணக்கிட்டே கைவினைஞர் கலவை சேர்ப்பார்.

தாகூர் 1927இல் ஜாவா சென்று வந்தபின் சாந்திநிகேதனில், துணியை மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் 'பாட்டிக்' கலை வேரூன்றியது. அதன் மெழுகுத் தடுப்பு முறை தோலுக்கும் வந்தது. மெழுகு மூடிய இடம் சாயம் ஏற்காது. மெழுகை நெரித்தால் விழும் விரிசல்களில் மட்டும் சாயம் இறங்கி, மெல்லிய நரம்புக் கோடுகளாகப் படரும்.

சாயம் கையில் படுவது, ஆவியை மூச்சில் இழுப்பது ஆகியவற்றால் கைவினைஞருக்குத் தீங்கு உண்டு. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அரோமாட்டிக் அமீன்களை வெளியிடும் அசோ, பென்சிடின் சாயங்கள் 112ஐ இந்திய அரசு 1990களில் தடை செய்தது. கையுறையும் காற்றோட்டமும் தோல் சாயப் பட்டறைக்கு இன்றியமையாதவை.

பை உருவாதல்

சாயம் காய்ந்ததும் மென்துணியால் தேய்த்து உபரி நிறத்தை எடுத்து, மெழுகு மெருகோ அரக்கு மெருகோ பூசுவர். ஓரங்கள் மடியும் இடங்களில் சதைப்புறத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குவர். உள்ளுறை ஒட்டிய பின், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் வரிசையாகத் துளையிட்டு, மெல்லிய தோல்வாரைத் துளைகள் வழியே சுற்றிப் பின்னிச் செல்வர். இந்தப் பின்னல் சாந்திநிகேதன் பையின் முகவரி போன்றது. அது துண்டுகளை இணைக்கிறது, ஓரத்தைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது, சித்திரத்துக்குச் சட்டமாகவும் அமைகிறது. பழைய வார் அறுந்தால் புதிய வாரை அதே துளைகளில் கோத்துக்கொள்ளலாம்.

உருக்கள்

சித்திரங்களுக்குப் பெரும் ஊற்று வங்கப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் இடும் ஆல்பனா. நம் மாக்கோலத்தைப்போல் ஈரமாவில் விரலால் இழுக்கும் ஓட்டக்கோடு அது. ஓவியர் நந்தலால் போஸ் தலைமையேற்ற, விசுவபாரதியின் கலைக்கூடமான கலாபவனத்தில் ஆல்பனா தனிக் கலையாகப் போற்றப்பட்டது. தாமரை, கொடி, சங்கு, மீன், வளைந்தோடும் இலை வரிசை முதலியவை அங்கிருந்து தோலுக்கு இடம் மாறின. விரலிலிருந்து வழியும் மாவுக்கோட்டின் நெகிழ்ச்சி, தோலில் மாடலர் இழுக்கும் கோட்டுக்கு இயல்பாகப் பொருந்தியது. வடிவியல் கட்டங்களும் பறவை, மான் உருவங்களும் பின்னர் சேர்ந்தன.

இனங்காணலும் பேணலும்

கைவேலைப் பையின் உட்புறம் தெரியுமானால் கோட்டின் தடத்தை அங்கேயும் காணலாம். வெட்டுமுனையில் பார்த்தால் நிறம் தோலுக்குள் இறங்கியிருக்கும். ரெக்சின் போலியில் துணியின் மேல் நிறப்படலம் தனி அடுக்காகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் வைத்த ஒரு துளி நீரை, மெருகு குறைந்த பட்டைத் தோல் மெல்ல உறிஞ்சிக் கருக்கும். பிளாஸ்டிக் பரப்பில் துளி உருண்டு நிற்கும்.

இப்பையை நீரில் கழுவக் கூடாது. நனைந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ காய்ந்தால் விறைத்து வெடிக்கும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைப்பது நல்லது. எப்போதாவது நிறமற்ற மெழுகு மெருகைக் குறைவாகப் பூசினால் போதும். இப்படிப் பேணிய பட்டைத் தோல், ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியாலும் கை பட்டும் நிறம் ஆழ்ந்து மெருகேறும்.

இன்றைய நிலை

விசுவபாரதியின் கைத்தொழில் பிரிவான சில்ப சதனம், கோபாய் ஆற்றருகே உள்ள அமார் குடீர் ஊரக மேம்பாட்டுச் சங்கம், தனியார் பட்டறைகள், வீட்டிலிருந்து வேலை செய்வோர் எனப் பல கைகளில் இக்கைவினை வாழ்கிறது. டிசம்பரில் கூடும் பவுஷ் மேளாவும் சோனாஜுரி சந்தையும் இதன் முதன்மை விற்பனைக் களங்கள். 2023இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது.

அச்சு எந்திரமும் ரெக்சினும் விலையைக் கீழே இழுக்கும்போது, கையால் கோடு இழுப்பவரின் நேரத்துக்கு உரிய கூலி கிடைப்பது கடினமாகிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காக்க வாங்குபவரின் அறிவும் வேண்டும். அமுங்கிய கோட்டை விரலால் தடவிப் பார்த்து, வெட்டுமுனையில் இறங்கிய நிறத்தைக் கண்டு, அதற்குரிய விலையைக் கொடுப்பவர் இருக்கும்வரை மாடலர் பிடித்த கைகளுக்கு வேலை இருக்கும்.