வாசனை தெரியவில்லையா? மூக்கோடு முடிகிற விஷயம் இல்லை

அடுப்பில் பெருங்காயம் போட்டுத் தாளிக்கிறார்கள். வீட்டில் உங்களுக்கு மட்டும் வாசனை வரவில்லை. "சளிதானே, போயிடும்" என்று விட்டுவிடுவீர்கள். பெரும்பாலும் அது சரிதான். சளி விட்ட பிறகும் வாரக்கணக்கில் மணம் திரும்பாவிட்டால்தான் யோசிக்கணும்.

மூக்கின் மேல்பகுதியில் உள்ள நரம்பு செல்கள் மணத்தை மூளைக்கு நேராக அனுப்புகின்றன. நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்கு அது உடனே போய்ச் சேர்கிறது. வயிறும் இதற்காகக் காத்திருக்கும். சாப்பாட்டு வாசனை வந்ததுமே எச்சில் ஊறும், இரைப்பையில் அமிலம் சுரக்கும். வாசனை போனால் பசி மந்தமாகும். ருசி போதாமல் உப்பும் சர்க்கரையும் கூட அள்ளிப் போடுவோம். பிபி, சுகர் இருப்பவர்களுக்கு இது வம்பு.

பார்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை குறையலாம், மலச்சிக்கலும் வரலாம். இந்த நோய் குடலில் தொடங்கி நரம்பு வழியே மூளைக்கு ஏறலாம் என்று ஜெர்மன் ஆய்வாளர் ஹெய்கோ பிராக் 2003-ல் சொன்னார். எல்லோருக்கும் அப்படித்தானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்காக மலச்சிக்கல் வந்தாலே பயப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்து நீடித்தால் டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். மூக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

சளி, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு போன வாசனைக்குப் பயிற்சி உண்டு: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் மணங்களைத் தினமும் காலையும் இரவும், ஒவ்வொன்றாகச் சில விநாடிகள், குறைந்தது 12 வாரம் முகர வேண்டும். அதுவரை கேஸ் கசிகிறதா என்று வீட்டில் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.