இரண்டு மருந்துகள்

கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவ எந்த டெவலப்பர் நல்லது என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் இரண்டு மருந்துகளின் கதையைச் சொல்லிவிடுவேன்.

மூத்தது ரோடினால். 1891-ல் ஜெர்மனியில் மோம்மெ ஆண்ட்ரெசென் என்ற ரசாயன அறிஞர் தந்தது. புட்டியில் ஆண்டுக் கணக்கில் கெடாது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்தால் போதும். கோடுகள் கூர்மையாக விழும். ஆனால் வெள்ளி மணிகள் பருத்துத் தெரியும். அந்நாளில் அது குறையாகப் படவில்லை. பெரிய கண்ணாடித் தகடுகளைப் பெரும்பாலும் அதே அளவில்தானே அச்சிட்டார்கள்!

சினிமா வந்ததும் கதை மாறியது. தபால் தலையளவுப் படம் திரை முழுவதும் விரியவேண்டும். 1927-ல் கோடக் நிறுவனத்தார் சினிமாப் பிலிமுக்காக டி-76 என்ற கலவையை வெளியிட்டார்கள். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5, வெங்காரம் 2. சோடியம் சல்பைட் மட்டும் 100! அந்தச் சல்பைட்தான் வெள்ளியைச் சற்றே கரைத்து மணிகளை மென்மையாக்குகிறது.

அம்மாவை நான் கடைசியாக எடுத்த சுருள் ஒன்று, அவள் மறைந்தபின் என் கையில் இருந்தது. இரண்டாம் முறை கழுவ முடியாது. குளியலறை இருட்டில் வெகுநேரம் நின்றேன். டி-76 முகத்தை மென்மையாக்கித் தரும். நான் ரோடினாலை எடுத்தேன்.

மணிகள் பருத்துத்தான் விழுந்தன. ஆனால் நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அவள்தான் வேண்டியிருந்தது. அழகான படம் அல்ல.