வகுப்புக்கு எந்தச் செயலி? தேர்ந்தெடுக்கும் முன் ஆசிரியர்கள் பார்க்க வேண்டியவை

தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம்தான். கடவுச்சொல்லைத் தேடுவதிலும், இணையத் தொடர்புக்குக் காத்திருப்பதிலும், "டீச்சர், எனக்கு வரல" என்ற குரல்களுக்குப் பதில் சொல்வதிலும் 15 நிமிடம் போய்விட்டால் அன்றைய பாடம் பாதியாகிவிடும். செயலி நன்றாக இருந்தும் பாடம் நடக்காமல் போன வகுப்புகள் உண்டு.

இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. புதிர்ப் போட்டி, காணொளி, மின்னட்டை, செயற்கை நுண்ணறிவு என ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று ஆசிரியர்களின் புலனக் குழுக்களில் பகிரப்படுகிறது. அவற்றில் எதை வகுப்புக்குள் கொண்டுவருவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் சிரமம். அதற்கு உதவும் சில அளவுகோல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பாடம் முதலில், கருவி பிறகு

"இந்தச் செயலியை எந்தப் பாடத்தில் பயன்படுத்தலாம்?" என்று தொடங்கினால் பெரும்பாலும் செயலிக்காகப் பாடத்தை வளைக்க நேரிடும். "இன்றைய பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, லகர, ளகர, ழகரச் சொற்களைச் சரியாக உச்சரிப்பது பாடத்தின் நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் புதிர்ப் போட்டியில் வகுப்பே ஆரவாரம் செய்யும். ஆனால், அதில் ஒரு மாணவர்கூட வாய் திறந்து "வாழைப்பழம்" என்று சொல்லியிருக்க மாட்டார். அந்தப் போட்டி சோதிப்பது எழுத்தை அடையாளம் காணும் திறனைத்தான். மாறாக, திறன்பேசியிலேயே இருக்கும் சாதாரணக் குரல் பதிவு வசதி போதும். மாணவர் தம் குரலைப் பதிவு செய்து, கேட்டு, மீண்டும் சொல்லிப் பார்க்கலாம். அதற்குப் பணமோ புதிய கணக்கோ தேவையில்லை. பாட நோக்கத்திற்கு அதுவே பொருந்துகிறது.

கல்வித் தொழில்நுட்பத் துறையில் ரூபன் புவெண்டெடுரா முன்வைத்த நான்கு படிநிலைகள் பரவலாக அறியப்பட்டவை. பழைய வேலையை அப்படியே புதிய கருவியில் செய்வது முதல் படி. அதையே சற்று மேம்படுத்திச் செய்வது இரண்டாவது. பணியின் அமைப்பையே மாற்றுவது மூன்றாவது. முன்பு செய்யவே முடியாதிருந்த ஒன்றைச் செய்வது நான்காவது. தாளில் இருந்த பயிற்சியைத் திரையில் ஏற்றுவதோடு நின்றுவிட்டோமா என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள இது உதவும். அதற்காக எல்லாப் பாடமும் நான்காம் படிக்கு ஏற வேண்டும் என்பதில்லை. சில பாடங்களுக்கு வெண்பலகையே சிறந்த கருவி.

நாடு கண்ட அனுபவம்

மேலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் கருவி வகுப்பில் நிலைத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. 2011ஆம் ஆண்டு இறுதியில் குத்தகை வழங்கப்பட்ட ஒன் பெஸ்தாரிநெட் திட்டம், நாட்டின் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியையும் ஃபுரோக் எனும் மெய்ந்நிகர்க் கற்றல் தளத்தையும் கொண்டு சேர்க்கத் திட்டமிட்டது. ஆனால், அத்தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூன்று தரப்பினருமே மிகக் குறைவாகப் பயன்படுத்துவதாக 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அத்தளம் கைவிடப்பட்டு, பள்ளிகள் கூகல் வகுப்பறைக்கு மாறின. 2020 ஜூனில் டெலிமா தளம் அறிமுகமானது.

இந்த அனுபவத்திலிருந்து தனி ஆசிரியருக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரே தளத்தில் எல்லாவற்றையும் கட்டி வைத்தால், அது நிறுத்தப்படும் நாளில் உழைப்பும் போய்விடும். எனவே தயாரித்த கேள்விகளையும் பயிற்சிகளையும் வெளியே எடுத்துச் சேமிக்க முடியுமா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கடைசி வரிசை மாணவருக்கும் எட்டுமா?

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தவொரு மின்னியல் சாதனமும் இல்லை என்பது கல்வி அமைச்சின் ஆய்வில் தெரியவந்தது. சாதனம் வைத்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் பயன்படுத்தியது திறன்பேசியைத்தான். அதன் பிறகு நிலைமை மாறியிருக்கலாம். ஆனாலும் அப்பாவின் ஒரே திறன்பேசியை அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே கருவியை ஆசிரியரின் மடிக்கணினியில் மட்டும் சோதித்தால் போதாது. வகுப்பில் யாரிடம் மிகப் பழைய, மிகச் சிறிய திரையுள்ள சாதனம் இருக்கிறதோ, அதைப் போன்ற ஒன்றில் திறந்து பார்க்க வேண்டும். பள்ளியின் அருகலை இல்லாமல், சாதாரணத் தரவுத் தொடர்பில் இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரக் காணொளிச் சந்திப்பு பல நூறு மெகாபைட் தரவை விழுங்கிவிடும். புலனம் வழி அனுப்பும் ஒரு நிமிடக் குரல் பதிவுக்கு ஒரு மெகாபைட்கூடத் தேவைப்படாது. முன்கட்டணச் சிம் அட்டையில் காலத்தை ஓட்டும் குடும்பத்திற்கு இந்த வேறுபாடு சிறியதன்று. வீட்டுப்பாடமாகக் கொடுப்பதாக இருந்தால், சாதனம் இல்லாத மாணவருக்கு அதே பணி தாளிலும் இருக்க வேண்டும்.

தமிழில் சரியாக இயங்குகிறதா?

பிற மொழி ஆசிரியர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் வேலை தமிழாசிரியருக்கு உண்டு. தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்டிவிட்டாலே ஒரு செயலி தமிழுக்கு ஏற்றதாகிவிடாது. ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சில சோதனைகள் உள்ளன.

எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். "தமிழ்" என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்பது முதலாம் ஆண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் யூனிகோட் முறையில் அது ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. இதைக் கவனிக்காமல் உருவாக்கப்பட்ட சொல்தேடல், குறுக்கெழுத்து விளையாட்டுகள் புள்ளியையும் கொம்பையும் தனிக் கட்டத்தில் போட்டுவிடும். எழுத்து என்றால் என்ன என்பதையே அது மாணவருக்குத் தவறாகக் கற்பிக்கும்.

விடையைத் தட்டச்சு செய்து பாருங்கள். "கொக்கு" என்ற சொல்லின் ஒகரக் குறி, கணினிக்குள் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் தானாகத் திருத்தும் சில செயலிகள் ஆசிரியர் ஒரு விதமாகவும் மாணவர் வேறு விதமாகவும் உள்ளிட்டால் சரியான விடைக்கும் தவறு போட்டுவிடும். "ஔவையார்" என்பதும் இப்படித்தான். ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் திரையில் வேறுபாடு தெரியாது. இத்தகைய செயலியில் தமிழ்க் கேள்விகளுக்குத் தெரிவு விடைகளே பாதுகாப்பானவை.

வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "பக்கம்", "பகல்", "பங்கு" ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. குரல் வாசிப்பு வசதி இவற்றை வேறுபடுத்துகிறதா, ழகரத்தைச் சரியாக உச்சரிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் அதைக் கேட்டல் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்பது தெரிந்துவிடும். பேச்சை எழுத்தாக்கும் வசதியாக இருந்தால், வகுப்பு மாணவர் ஒருவரின் இயல்பான பேச்சைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. பெரியவரின் தெளிவான செந்தமிழை மட்டும் புரிந்துகொள்ளும் கருவி ஏழு வயதுக் குழந்தைக்கு ஏமாற்றத்தையே தரும்.

சொற்களைப் பாருங்கள். மொழிபெயர்த்து உருவாக்கப்பட்ட செயலிகளில் நம் பாடநூலில் உள்ள சொற்கள் இருப்பதில்லை. பாடநூல் ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொன்னால் மாணவர் குழம்புவார்.

செயற்கை நுண்ணறிவை நம்பும் முன்

கேள்வித்தாள் தயாரிக்கவும் சிறுகதை எழுதவும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் அவை வலிமிகும் இடங்களில் தடுமாறுவதுண்டு. இல்லாத குறளை வள்ளுவர் பெயரில் எழுதித் தருவதும் உண்டு. செய்யுளும் மொழியணியும் பகுதிக்கு இது பெரிய ஆபத்து. குறள், பழமொழி, மரபுத்தொடர் எதுவானாலும் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகே வகுப்புக்குக் கொண்டு செல்ல வேண்டும். சரிபார்க்கும் நேரம் தாமே எழுதும் நேரத்தைவிட அதிகமானால், அந்தப் பணிக்கு அக்கருவி தேவையில்லை.

மாணவரின் பெயரும் வயதும்

தொடக்கப்பள்ளி மாணவர்கள் 7 முதல் 12 வயதுக்குட்பட்டவர்கள். இதைப் பல ஆசிரியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாம் பயன்படுத்தும் செயலிகளில் பல அமெரிக்காவில் உருவானவை. அங்கு 1998இல் இயற்றப்பட்ட சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம், 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. அதனால்தான் பல செயலிகளின் விதிமுறைகளில் 13 வயது என்ற வரம்பு உள்ளது. சாட்ஜிபிடியும் 13 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று.

மாணவர் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றைக் கேட்கும் செயலியை விட, கணக்கே தேவைப்படாத அல்லது புனைபெயரில் நுழையக்கூடிய செயலி மேல். கணக்கு தேவைப்பட்டால் அமைச்சு வழங்கிய டெலிமா அடையாளத்தைக் கொண்டு நுழைய முடியுமா என்று பார்க்கலாம். மாணவரின் அடையாள அட்டை எண்ணை எந்தச் செயலியிலும் பதிவிடக் கூடாது.

பாதுகாப்புக்காகவே வாங்கிய கருவியும் சிக்கலாகலாம் என்பதற்கு அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஆகஸ்ட்டில், மாணவர் சாதனங்களைக் கண்காணிக்கும் மொபைல் கார்டியன் செயலி ஊடுருவப்பட்டது. 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை நீக்கியது. முக்கியமான குறிப்புகளுக்கு வேறோர் இடத்திலும் பிரதி இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

விளம்பரமா, சான்றா?

"மாணவர் அடைவுநிலை உயரும்" என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. அதற்கு ஆதாரம் கேட்பவர்கள் குறைவு. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடத்தப்பட்ட ஆய்வைக் குறிப்பிடுகிறது. கருவியை ஏற்கும் முன் துறைசார் மதிப்பாய்வு பெற்ற சான்றைக் கேட்டவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. யார் ஆய்வு செய்தார்கள், எந்த வயது மாணவர்களிடம், எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பணம் கொடுக்கும் முன் கேட்கலாம். இலவசம் என்றாலும் எத்தனை மாணவர்களுக்கு, எத்தனை நாள்களுக்கு இலவசம் என்று பார்ப்பது அவசியம்.

சிறிதாகத் தொடங்குதல்

முதலில் ஆசிரியர் மாணவராக நுழைந்து முழுப் பயிற்சியையும் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஐந்தாறு மாணவர்களோடு முயலலாம். அதில் நன்றாகப் படிப்பவர் மட்டுமன்றி மெதுவாகப் படிப்பவரும் இருக்க வேண்டும். அதன் பின்னரே முழு வகுப்பு. இணையம் துண்டிக்கப்பட்டால் அதே பாடத்தைத் தொடர ஒரு தாள் பயிற்சி மேசையில் தயாராக இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து, திரையைத் தள்ளி வைத்துவிட்டு அதே திறனைத் தாளிலோ வாய்மொழியாகவோ சோதித்துப் பார்க்கலாம். செயலியில் முழுப்புள்ளி வாங்கிய மாணவர் ஏட்டில் "பள்ளி", "பல்லி" இரண்டையும் வேறுபடுத்தி எழுதினால் அந்தக் கருவியைத் தொடரலாம். எழுதவில்லையென்றால், மாணவர்கள் எவ்வளவு விரும்பினாலும் அதை ஒதுக்கி வைப்பதே முறை. அடுத்த நாள் பாடக்குறிப்பில் அதற்கான காரணத்தை இரண்டு வரிகளில் எழுதி வைத்தால், அதே செயலியைத் தேடி வரும் அடுத்த ஆசிரியருக்கும் பயன்படும்.