மயிலிட்டிக்கு எத்தனை எழுத்து?

மயிலிட்டி என்ற பெயரில் ஐந்து எழுத்துகள் என்று அரிவரி படிக்கும் பிள்ளையும் சொல்லும். பைதன் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில், யூடிஎஃப்-8 முறையில் எழுதிய அப்பெயரை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 27 என்று விடை வரும். மூன்றாம் பதிப்பு 9 என்னும். முன்னது பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது ஒருங்குறி இடங்களை எண்ணுகிறது. தமிழ் எழுத்தை எண்ணுவது இரண்டுமல்ல.

இந்தக் கணக்கு என்னிடம் வந்த வழியைச் சொல்லவேண்டும். 1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3 அன்றுதான் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அந்த ஊர் பெரும்பாலும் மரண அறிவித்தல்களிலேயே வாழ்ந்தது. மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் இலண்டனையோ ரொறன்ரோவையோ வதிவிடமாகவும் கொண்டவர்கள்! அவ்வறிவித்தல்களைத் திரட்டி, உறவுமுறையும் ஒழுங்கையும் தேடக்கூடிய மென்பொருள் ஒன்றைச் செய்ய ஊர் இளைஞர் சிலர் முனைந்தனர். நிரலாக்கம் என் தொழிலன்று. பழைய பத்திரிகைக் கோப்புகள் என்னிடம் இருந்தமையால் என்னையும் சேர்த்துக்கொண்டனர். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துநடை என்பதே அவர்களுடைய முதல் வழக்கு.

வழக்கின் வேர் அந்தக் கோப்புகளில் இருந்தது. தொண்ணூறுகளில் எமது பத்திரிகைப் பக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உருவாயின. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்திய ஏற்பாடு அது. எழுத்துருவை நீக்கினால் ஒரு மனிதரின் மரண அறிவித்தல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகிவிடும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. உலகத் தமிழரிடையே டிஸ்கி வழங்கியது. ஒருங்குறியிலோ 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் இந்தியாவின் இஸ்கி முறையைத் தழுவியதால், அதில் ‘யி’ என்பது யகரமும் விசிறியுமாக இரண்டு இடங்களைப் பிடிக்கிறது. ஒன்பது என்ற எண் பிறந்த கதை இதுதான்.

இளைஞர்களின் கையில் பாமினியை ஒருங்குறியாக்கும் பழைய நிரலொன்று பைதன் 2இல் இருந்தது. அதையே வைத்துத் தொடங்கலாம் என்றார் ஒருவர். 2008 டிசம்பரில் வந்த பைதன் 3 சரம் என்றாலே ஒருங்குறி என்று விதித்தது. பழைய நிரல்கள் பல முறிந்தன, உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் முணுமுணுப்பு நீடித்தது. 2020 ஜனவரி 1 உடன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. தமிழனுக்கு அந்த முணுமுணுப்பில் பங்கில்லை என்பதே என் எண்ணம். ஐந்து என்று எண்ண வேண்டுமானால் முத்து அண்ணாமலை முதலானோர் ஆக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் இருக்கிறது. பழைய நிரலைத் திருத்தி எழுத முடிவாயிற்று.

எழுத்துநடை பற்றிய வாதம் இன்னும் சூடானது. மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட விடுகிறது. ஆனால் பைதனின் பெயர்பெற்ற நடைக்கையேடான பெப்-8, பைதனோடு வரும் நியம நிரலகத்துக்கு ஆங்கில எழுத்தையே கட்டாயமாக்குகிறது. உலக வழக்கைப் பின்பற்றுவோம் என்றனர் பெரும்பாலானோர். நான் ‘வாடி’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னேன். மூவர் மூன்று விதமாக எழுதினர். கரைவலை, சம்மாட்டி, ஒழுங்கை ஆகியவற்றுக்கும் அதே கதி. ஊருக்கே உரிய சொற்கள் தமிழில், மற்றவை ஆங்கிலத்தில் என்று சமரசம் ஏற்பட்டது. கலப்பு நடை கண்ணுக்கு அழகில்லைதான், பிழை குறையும்.

தோணிதான் இறுதிவரை அலைக்கழித்தது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி இரட்டைக் கொம்பு முதலில், பின் தகரம், பின் அரவு. மாற்றி நிரல் கொம்பைத் தகரத்தின் பின் தள்ளிவிட்டு அரவை அப்படியே விட்டிருந்தது. நேரே தட்டச்சிட்ட ‘தோ’வில் கொம்பும் அரவும் ஒரே குறி. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். மாறிப் பெயரானால் பைதன் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். தரவில் அவ்வாறு செய்யாது. ஆகவே, உள்ளே வரும் ஒவ்வொரு சரத்தையும் வாசலிலேயே ஒரே வடிவாக்க வேண்டும் என்ற விதியை நடைக்கையேட்டின் முதல் வரியாக எழுதிவைத்தனர். மாற்றி முடித்த கோப்புகளை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.