.22 குறுங்குழல் சுழல் துப்பாக்கி

.22 குறுங்குழல் சுழல் துப்பாக்கி என்பது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலையும், .22 அளவுத் தோட்டாக்களை ஏற்கும் சுழல் உருளையையும் கொண்ட சிறிய கைத்துப்பாக்கி ஆகும். சுழல் துப்பாக்கி பொதுவழக்கில் ரிவால்வர் எனப்படுகிறது. .22 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும். இது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் ஆகும். எடை குறைவு, பின்னுதைப்பு குறைவு, தோட்டாவின் விலை குறைவு ஆகியவற்றால் இது தொடக்கநிலையாளருக்கு ஏற்ற எளிய கருவி எனக் கருதப்படுவதுண்டு. எனினும் குறுகிய குழலைக் கொண்டு குறி தவறாமல் சுடுவது கடினம். இந்தியாவில் இதனை வைத்திருப்பதும் சேகரிப்பதும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன.

விளிம்புவெடித் தோட்டா

பெரும்பாலான கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் தீமூட்டும் வேதிப்பொருள், கூட்டின் அடிப்பகுதி நடுவிலுள்ள சிறு கிண்ணத்தில் இருக்கும். .22 தோட்டாவில் அது கூட்டின் அடிவிளிம்புக்குள் நிரப்பப்பட்டிருக்கும். சுத்தியல் விழும்போது அடிமுனை இவ்விளிம்பை நசுக்குவதால் தீ உண்டாகி வெடிமருந்து எரிகிறது. இதனால் இவ்வகைத் தோட்டா விளிம்புவெடித் தோட்டா எனப்படும். விளிம்பு ஒருமுறை நசுங்கிவிடுவதால் வெற்றுக்கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை.

இன்று மிகுதியாகப் பயன்படுவது .22 லாங் ரைபிள் என்னும் தோட்டா ஆகும். இது 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. இதன் வழக்கமான ஈயக்குண்டு சுமார் 2.6 கிராம் எடை கொண்டது.

வரலாறு

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி நிக்கோலா புளோபெர் 1845இல் உருவாக்கிய சிறு தோட்டாவே விளிம்புவெடித் தோட்டாக்களின் முன்னோடி ஆகும். அமெரிக்காவின் சிமித் அண்ட் வெசன் நிறுவனம் 1857இல் வெளியிட்ட 'மாடல் 1' என்னும் ஏழு தோட்டா சுழல் துப்பாக்கி, .22 ஷார்ட் எனப் பின்னர் பெயர்பெற்ற தோட்டாவைப் பயன்படுத்தியது. உருளையை முன்பின்னாக முழுதும் துளைத்துப் பின்புறமாகத் தோட்டாவை இடும் முறைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமை 1869இல் முடிவுற்ற பின்னர் பல நிறுவனங்கள் மலிவான .22 சுழல் துப்பாக்கிகளைச் செய்தன.

இந்தியாவில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 2014 சனவரியில் 'நிர்பீக்' என்னும் சுழல் துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. இது .32 அளவினது, நடுவெடித் தோட்டா கொண்டது, எடை சுமார் 500 கிராம். பெண்களின் தற்காப்புக்கானது என இது விளம்பரப்படுத்தப்பட்டதும், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவோர் அதனை எதிர்த்ததும் அப்போது விவாதப் பொருளாயின. இதனை அடுத்து மேற்கு வங்காளத்தின் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை 'நிடர்' என்னும் .22 சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. எட்டுத் தோட்டாக்களை ஏற்கும் இதன் எடை ஏறத்தாழ 250 கிராம், அதாவது நிர்பீக்கின் எடையில் பாதி. 'நிடர்' என்பது அச்சமற்றவர் எனப் பொருள்படும் இந்திச் சொல் ஆகும். படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

குறுங்குழலின் வரம்புகள்

குறிபார்த்தலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தொலைவு முதன்மையானது. இத்தொலைவு 10 சென்டிமீட்டராக உள்ள துப்பாக்கியில் குறிகள் 1 மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் குண்டு 7 சென்டிமீட்டர் விலகும். 25 மீட்டரில் 25 சென்டிமீட்டர் விலகும். குறிகளுக்கிடையே 22 சென்டிமீட்டர் தொலைவுள்ள போட்டித் துப்பாக்கியில் அதே பிழை 25 மீட்டரில் 11 சென்டிமீட்டர் அளவுக்கே விலக்கத்தைத் தரும்.

இரண்டாவது வரம்பு விசையின் கடினம் ஆகும். விளிம்பை உறுதியாக நசுக்கச் சுத்தியல் வலுவாக விழ வேண்டும். ஆகவே விசையை இழுத்தே சுத்தியலை உயர்த்தும் வகைகளில் விசையிழுப்பு பெரும்பாலும் கனமாக இருக்கும். துப்பாக்கியின் எடை குறைவாகவும் இழுப்பு கனமாகவும் இருப்பதால், இழுக்கும்போதே குழல்முனை அசைந்துவிடுகிறது. குழல் குறுகியதாதலால் குண்டின் வேகமும், நீண்ட குழலிலிருந்து வெளிப்படும் வேகத்தைவிடக் குறையும்.

பயிற்சி

பயிற்சி பொதுவாக 3 முதல் 7 மீட்டர் வரையிலான அண்மை இலக்கிலிருந்து தொடங்கப்படும். விசையைச் சீராக, நேர்பின்னாக இழுப்பதே முதற்பாடம். தோட்டா இன்றி விசையை இழுத்துப் பழகும் முறை நடுவெடித் துப்பாக்கிகளில் பரவலாக உள்ளது. விளிம்புவெடித் துப்பாக்கியில் அடிமுனை தோட்டா அறையின் விளிம்பில் மோதி அதனைச் சிதைக்கக்கூடும். எனவே, தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் அன்றி, போலித் தோட்டாக்களை இட்டே அவ்வாறு பழக வேண்டும்.

கவனிக்க வேண்டிய பிற செய்திகள்:

- தோட்டா வெடிக்காவிடில் குழலை இலக்கின் பக்கமே வைத்துச் சுமார் 30 வினாடிகள் காத்திருக்க வேண்டும். வெடிப்பு தாமதமாக நிகழக்கூடும்.
- வெடியொலி வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் சுடுவதை நிறுத்த வேண்டும். குண்டு குழலினுள் சிக்கியிருக்கலாம்.
- உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே சூடான வளிமமும் ஈயத்துகளும் வெளிப்படும். விரல்கள் அவ்விடத்தில் இருத்தல் கூடாது.
- .22 தோட்டாக்கள் மிகுந்த கரிப்படிவை விடுவன. தோட்டா அறைகளைத் தூய்மை செய்யாவிடில் வெற்றுக்கூடுகள் சிக்கிக்கொள்ளும்.
- பயிற்சிக்குப் பின்னர் கைகளைக் கழுவுதல் ஈயம் உடலுக்குள் செல்வதைத் தடுக்கும்.

உரிமத்தில் குறிக்கப்பட்ட எண்ணிக்கையிலேயே தோட்டா வாங்க இயலும் என்பதால் இந்தியாவில் பயிற்சிக்கு அளவு உண்டு. இதனால் வளித்துப்பாக்கியில் அடிப்படைப் பயிற்சி பெறுவது வழக்கம். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி, .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத வளித்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. முறையான பயிற்சி, 1951இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்துடன் இணைந்த மாநிலச் சங்கங்கள் வழியாகவும் கழகங்கள் வழியாகவும் கிடைக்கிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விசய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் விரைவுச்சுடு போட்டியும் .22 தோட்டாவைக் கொண்டே நடத்தப்படுவது. அதற்குப் பயன்படுபவை நீண்ட குழலுள்ள போட்டித் துப்பாக்கிகள் ஆகும்.

சேகரிப்பும் சட்டமும்

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதற்குமேல் வைத்திருந்தோர் ஓராண்டுக்குள், அதாவது 2020 திசம்பருக்குள், மிகுதியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. உரிமத்தின் காலம் ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது. இலக்குப் பயிற்சிக்கு .22 ரைபிள் பயன்படுத்தும் கழக உறுப்பினருக்குச் சட்டம் இந்த வரம்பிலிருந்து விலக்களிக்கிறது, அவ்விலக்கு.22 சுழல் துப்பாக்கியைக் குறிப்பிடவில்லை. எனவே பல வகைகளை வாங்கிச் சேர்க்கும் மேலைநாட்டு வழக்கம் இந்தியாவில் தனியொருவருக்கு இயலாதது. தனியார் இறக்குமதி 1980களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டதால், பழைய அயல்நாட்டுத் துப்பாக்கிகள் உள்நாட்டு உரிமதாரர்களுக்கிடையே மட்டுமே கைமாறுகின்றன.

பழமையானது என்பதாலேயே ஒரு துப்பாக்கி விலக்குப் பெறுவதில்லை. பழுது நீக்கினாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள படைக்கலத்துக்கே சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. சுடும் நிலையிலுள்ள நூறாண்டுப் பழமையான துப்பாக்கிக்கும் உரிமம் தேவை.

உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துத் தம் பெயரில் உரிமம் கோர வேண்டும். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாழும்போதே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டின் விதிகள் இடந்தருகின்றன. தாத்தாவின் நினைவாக அலமாரியில் வைக்கப்பட்ட துப்பாக்கியும் உரிமமின்றி இருந்தால் குற்றமே. இதற்கு 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

நாஞ்சில் நாடு உள்ளிட்ட தென்திருவிதாங்கூர்ப் பகுதிக்குச் சுடுகலன் வரலாறு புதியதன்று. 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான தெ லன்னாய், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பாலையை நடத்தினார். அவரது கல்லறை அக்கோட்டையினுள் உள்ளது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய படைக்கலன்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று துப்பாக்கி உரிம விண்ணப்பங்கள் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஏற்கப்படுகின்றன; காவல்துறையின் அறிக்கை பெற்ற பின்னரே முடிவு செய்யப்படும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராகவும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பணிக்கப்படுவதும், முடிவுகளுக்குப் பின் திரும்பப் பெறுவதும் வழக்கம்.

வீட்டுப் பாதுகாப்பு

அளவில் சிறியதாதலால் இத்துப்பாக்கி தலையணைக்கு அடியிலும் மேசை இழுப்பறையிலும் எளிதில் அடங்கும். சிறுவர் கைக்கும் எளிதில் எட்டும். விளையாட்டுப் பொருள் போன்ற தோற்றம் உடையதெனினும் .22 குண்டு உயிரைப் பறிக்கவல்லது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் செல்லக்கூடியது. உருளையை வெறுமையாக்கித் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி வைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- சுழல் துப்பாக்கி
- உதயகிரிக் கோட்டை
- இந்தியப் படைக்கலச் சட்டம், 1959
- துப்பாக்கி சுடுதல் (விளையாட்டு)