கணக்கெடுத்தவர் அமைச்சரானார்

தோட்டங்களில் காலைப் பெரட்டின்போது கிராணியார் பெயர் பதிவார். பால் நிறுவையின்போது எடையைக் குறிப்பார். அந்த ஏட்டில் ஒரு நாள் விடுபட்டால் அன்றையக் கூலியும் விடுபடும். ஏட்டில் ஏறும் எண், வீட்டு அடுப்பு வரை வரும் என்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேயர்களே, நாட்டுக்கும் இத்தகைய ஏடு உண்டு. அந்த ஏட்டை எழுதும் பணியிலிருந்து சிங்கப்பூரின் துணைப் பிரதமராக உயர்ந்தவர் டாக்டர் கோ கெங் சுவீ.

அவர் 1918இல் மலாக்காவில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் சிங்கப்பூருக்கு வந்தது. அவருடைய தந்தை பாசிர் பாஞ்சாங் ரப்பர் தோட்டத்தில் மேலாளராக இருந்தார். ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்த கோ, போர் முடிந்தபின் சமூக நல இலாகாவில் சேர்ந்தார். பின்னர் லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்று, 1951இல் முதல் வகுப்பில் தேறினார். புள்ளிவிவரப் பாடத்தில் சிறந்து விளங்கியதற்காகப் பரிசும் பெற்றார்.

நாடு திரும்பியவர், 1953-54இல் நகர மக்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் ஆராயும் பணியை முன்னின்று நடத்தினார். எல்லா வீடுகளையும் கணக்கெடுக்கவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? முறையாகத் தேர்ந்தெடுத்த குடும்பங்களிடம் விவரம் திரட்டினார்கள். கடைவீடுகளைத் தடுப்புகளால் கூறு போட்டு, ஒரே அறையில் குடும்பம் முழுவதும் ஒண்டியிருந்த நிலை, 1956இல் வெளிவந்த அறிக்கையில் எண்களாகப் பதிவாயிற்று.

நோயை அளந்து எழுதுவது ஒன்று. மருந்து கொடுக்கும் அதிகாரம் வேறொன்று. 1958இல் அவர் அரசாங்க வேலையை விட்டார். 1959 தேர்தலில் கிரேத்தா ஆயர் தொகுதியில் வென்று நிதியமைச்சரானார். வேலையின்மையும் வீட்டுப் பஞ்சமும் அவர் முன் நின்றன. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. வேலைவாய்ப்பைப் பெருக்க, 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. தொடக்கத்தில் ஆலைகள் வரத் தயங்கியபோது, அதைக் ‘கோவின் மடமை’ என்று சிலர் எள்ளினர். பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பெற்றனர்.

1965க்குப் பின் தற்காப்புத் துறையையும் அவர் உருவாக்கினார். 1973இல் துணைப் பிரதமரானார், 1984இல் அரசியலிலிருந்து விலகினார், 2010இல் காலமானார்.

எண்ணுக்குத் தெரியாத செய்தியும் உண்டு. பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகள் பலர் என்பதைக் கணக்குக் காட்டியதால், 1979இல் அவர் தலைமையில் வெளிவந்த கல்வி அறிக்கை, பிள்ளைகளைத் தரவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. பள்ளியை விடுவோர் தொகை குறைந்தது. ஆனால், சிறு வயதிலேயே ‘நீ இவ்வளவுதான்’ என்ற முத்திரை விழுந்த பிள்ளையின் மனவருத்தம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பிரிவினை 2024இல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிலிருந்து கைவிடப்பட்டது.

பொங்கோலையும் பாருங்கள். ரப்பரும் தென்னையும் நின்ற அந்த மண்ணில் பின்னர் பன்றிப் பண்ணைகள் பெருகின. நிலம், நீர், செலவு ஆகியவற்றைக் கணக்கிட்ட அரசு, பன்றி வளர்ப்பை நிறுத்துவதென 1984இல் முடிவு செய்தது. இன்று அங்கே அடுக்குமாடி நகரம் நிற்கிறது. வீடு பெற்றோர் கணக்கில் இருக்கிறார்கள். பழகிய தொழிலை இழந்த பண்ணைக் குடும்பங்களின் வருத்தத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆகவே, கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்த குறைக்குத் திட்டம் வராது. முடிவு வெளிவந்தபின், நம் வாழ்வில் எது அந்த ஏட்டில் ஏறாமல் போயிற்று என்றும் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.